ஒன்பது நொடி ஓட்டம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தானே என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்ட பிறகும் அப்படிக் கேட்டால் அது வெறும் சம்பிரதாயம். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்ல உனக்கு அவ்வளவு நேரம் ஆனதே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நீ கத்தினால் நானும் கத்துவேன், என் குணம் உனக்குத் தெரியாதா, அப்புறம் இரண்டு பேரும் போனை வைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. அம்மாவின் கடிதம் கைக்கு வந்து சேரும்வரை சலவைக்கூடத்துக் கேமராவில் பதிவான அந்த முழுப் படத்தை எங்கேயும் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். இதோ வந்து சேர்ந்துவிட்டது. பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படித்துவிடு, அதற்குப் பிறகு நீ எடுக்கிற முடிவு உன் முடிவு, நான் என்ன அங்கே பறந்து வந்து உன் கையைப் பிடிக்கவா முடியும்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா ஒரு வாரமாக "இன்னைக்குப் பார்த்துடறேன்" என்று சொல்லிச் சொல்லி அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போகிறார், அந்த வாளிதான் அவர் செய்த ரிப்பேர். மாடி வீட்டுப் பூனை என் வெட்டுத்துணிக் கூடைக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது, அதைக் கலைக்க மனசு வராமல் நான் துணியையெல்லாம் தரையில் பரப்பிக்கொண்டு தைக்கிறேன். உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. தினமும் போன் செய்து, "என் தம்பி மானம் கப்பலேறிப் போச்சு, நீங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்று ஆரம்பித்துவிடுகிறாள். நீ அவளோடும் பேசியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவள்தான் உன்னை ஏற்றிவிட்டாள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எரிகிற அடுப்பை ஊதிவிடுவதற்கு அவளை விட்டால் நம் குடும்பத்தில் ஆள் கிடையாது.

அன்றைக்கு நடந்ததை ஆளுக்கொரு விதமாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள், நீ படத்தையும் பார்த்துவிட்டாய், ஆனாலும் ஏன் அப்படி நடந்தது என்று படத்தில் இருக்காது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவின் சலவைக்கூடத்தில் ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுக்கிறார்கள், உனக்குத் தெரிந்ததுதான். அப்பா துவைக்கிற பக்கம். பெரிய டிரம்மைத் திறந்து ஈர விரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போடும்போது தலை முதல் கால் வரை நனைந்துவிடும். கம்பெனி கொடுத்தது ஒரே ஒரு சீருடை. ஈரத்தோடு நாள் முழுக்க நிற்க முடியாது என்று அங்கே இருக்கிற ஆண்கள் வருஷக்கணக்காக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நனைந்த சீருடையைக் கழற்றித் துண்டுகளோடு சேர்த்து உலர்த்தும் மெஷினுக்குள் போட்டுவிட்டு, பன்னிரண்டு நிமிஷம் ஒரு வெள்ளை விரிப்பை உடம்பில் சுற்றித் தோளில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஏதோ ராஜசபைக்கு வந்தவர்கள் மாதிரி வேலையைப் பார்ப்பார்களாம். மெஷின் மணியடித்ததும் சூடான சீருடையை எடுத்துப் போட்டுக்கொள்வார்களாம். இருபது வருஷமாக இந்தச் சமாச்சாரம் எனக்கே தெரியாது கண்ணா. உள்ளாடையுமா என்று கேட்டேன். "எல்லாமும்தானே நனையுது" என்கிறார் கூசாமல். காய்ந்த ஜட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளக்கூடவா புத்தி இல்லை என்று நான் போட்ட சத்தத்தில் பூனை தன் குட்டிகளை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டது. இப்போது தினமும் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு மேலேயே, இரண்டு வைத்து அனுப்புகிறேன்.

அன்றைக்கு அவர் சுற்றியிருந்தது ஏதோ பெரிய ஓட்டலின் புது விரிப்பு, வழுவழு துணி. அந்தத் துணியில் முடிச்சு நிற்காது, வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விரிப்புகளுக்கு இஸ்திரி போட அங்கே ஒரு பெரிய சூடான உருளை இருக்கிறது. ஒரு பெண் அதன் முன்னால் நின்று விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்ளே விட வேண்டும். கை மாட்டிக்கொண்டால் இழுத்து நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. அவள் நின்ற பக்கத்துக் கயிறு அறுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, பார்க்கிறவர்களுக்குக் கயிறு இருக்கிற மாதிரி தெரியட்டும் என்று ஒரு சிவப்புத் துணியைத் திரித்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் பாவிகள். அவள் விரல்கள் விரிப்போடு உள்ளே போய்விட்டன. அந்தச் சிவப்புத் துணியை இழுத்திருக்கிறாள், அது கையோடு வந்துவிட்டது. அலறினாள். அப்பா துவைக்கிற பக்கத்திலிருந்து ஓடினார், பாதி வழியில் முடிச்சு அவிழ்ந்து விரிப்பு கீழே விழுந்தது, அவர் நிற்கவில்லை, குனியவில்லை, அப்படியே ஓடிப் போய் மறுபக்கத்துக் கயிற்றை இழுத்தார், உருளை நின்றது. இன்னும் நாலைந்து நொடி போயிருந்தால் கை மணிக்கட்டு வரைக்கும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது தோல் வெந்து இரண்டு நகம் போயிருக்கிறது, ஐந்து விரலும் இருக்கின்றன. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், "ஒரு பொண்ணுக்குக் கை மாட்டிக்கிச்சு, மெஷினை நிறுத்தினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

அங்கே மேற்பார்வை பார்க்கிறவனுக்கு விசில் என்று பேர், எந்நேரமும் எதையாவது சீட்டியடித்துக்கொண்டே திரிவான், நாற்பது வயசாகியும் பொறுப்பு வராத ஆள். கேமரா அறையில் உட்கார்ந்து அன்று பதிவானதைத் திரும்பப் போட்டுப் பார்த்தவன், அப்பா ஓடுகிற ஒன்பது நொடியை மட்டும் தன் போனில் பிடித்து மச்சானுக்கு அனுப்பியிருக்கிறான், பார்த்துவிட்டு அழித்துவிடு என்று சொல்லித்தான் அனுப்பினானாம். மச்சானும் அதையே சொல்லித்தான் இன்னொருவனுக்கு அனுப்பினானாம். இப்படி ஆளுக்கு ஆள் அழித்துவிடு அழித்துவிடு என்று சொல்லியே நாலு நாளில் அது கடல் தாண்டி உன் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. அந்த ஒன்பது நொடியில் உருளை இல்லை, அந்தப் பெண் இல்லை, கயிறு இல்லை. துணி மூட்டைகளுக்கு நடுவில் ஐம்பத்தேழு வயசு மனுஷன் பிறந்த மேனியாக ஓடுகிறார், அவ்வளவுதான். எந்தப் புண்ணியவானோ இடுப்பில் ஒரு சூரியகாந்திப் பூவை ஒட்டி, அது அவரோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கி வருகிற மாதிரி செய்து, பின்னால் ஒரு தாளமும் போட்டுவிட்டிருக்கிறான்.

எனக்கு அதைக் காட்டியது பேண்ட் இடுப்பைப் பிடிக்கக் கொண்டுவந்த ஒரு வாடிக்கைக்காரி. நான் சிரித்தேன் கண்ணா. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன், இன்னொரு தரம் போடு என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது தரம்தான் அந்த முதுகு யாருடைய முதுகு என்று தெரிந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் பேண்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன், ஆனால் நீ போனில், "சாப்பாட்டு அறையில கூட இருக்கிறவங்களோட சேர்ந்து நானும் கைதட்டிச் சிரிச்சேம்மா, ஒருத்தன் போனை நான்தான் பிடுங்கிப் பார்த்தேன்" என்று சொல்லித் தேம்பினாயே, அதற்காகச் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை, எங்கேயோ யாரோ நீட்டிய போனில் உனக்கு எப்படித் தெரியும். யாரோ ஒருவர் அப்படி ஓடினால் சிரிப்பு வரத்தான் செய்யும், நீ என்ன கல்லா. உன்னுடைய இந்தக் கோபத்தில் முக்கால்வாசி ஊர்மேல் இல்லை, அன்றைக்குச் சிரித்த உன்மேல்தான் என்று எனக்குப் படுகிறது. அதை விட்டுவிடு. வாடிக்கைக்காரி காட்டிய அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அது நீங்களா என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான்தான். நல்லா ஓடறேனா?" என்றார்.

வெளியில் அப்படித்தான் இருந்தார். முடிதிருத்துகிறவர் துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டு, "இறுக்கிக் கட்டட்டுமா அண்ணே" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாராம், இவரும், "நல்லா இறுக்கு, நழுவினா உன் கடைக்குத்தான் கூட்டம்" என்றாராம். தெருவில் சூரியகாந்தி என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் நான் பார்த்தது வேறு. சீருடை இல்லாமல் வேலை இடத்தில் இருந்ததற்கு என்று கம்பெனி பத்து நாள் சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பி, காரணத்தை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டது. அந்தப் பத்து நாளும் கேரம் ஆடப் போகவில்லை. என் தையல் மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் பிரிக்கச் சொன்ன தையலையெல்லாம் பிரித்துத் தந்தார், பிரிக்கச் சொல்லாததையும் இரண்டு மூன்று பிரித்துவிட்டார். ஒரு நாள் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு இவரையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்களாம், மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வந்தார். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொண்டார். அந்த விசில் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் கத்தரிக்கோலுக்கு வேலை வந்திருக்கும்.

பதினொன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு அரசாங்க அதிகாரி வந்தார், தொழிலாளர் துறை ஆய்வாளர். முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்றார். அதிகாரி, மேனேஜர், அந்தப் பெண், அப்பா, நாலு பேர்தான். ஆபீஸ் அறைக்குப் பாதிச் சுவர் கண்ணாடி, வெளியே ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அப்பா போய் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து கண்ணாடி முழுவதும் மறைத்துத் தொங்கவிட்ட பிறகுதான், "இப்ப போடுங்க சார்" என்றாராம். அதிகாரி நல்ல மனுஷன். அறுந்த கயிற்றையும் அந்தத் திரித்த துணியையும் பார்த்துவிட்டு மேனேஜரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். இப்போது இரண்டு பக்கமும் புதுக் கயிறு, எல்லாருக்கும் இரண்டு சீருடை, அப்பாவின் சஸ்பென்ஷன் ரத்து, பலகையில் ஒட்டியதையும் கிழித்தாயிற்று. ஆக, நியாயம் கிடைக்கவில்லையே என்று நீ சொல்வதற்கு இடமில்லை, பார்க்க வேண்டியவர் பார்த்தார், செய்ய வேண்டியதைச் செய்தார்.

அதற்குப் பிறகுதான் மேனேஜர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, முழுப் படத்தையும் கம்பெனி பேரிலேயே வெளியிடுகிறோம், ஒரு உயிரைக் காப்பாற்றிய தொழிலாளி என்று போடுகிறோம், ஒரே நாளில் சிரித்த வாயெல்லாம் மூடிவிடும், மாலை மரியாதை எல்லாம் செய்கிறோம் என்றாராம். கம்பெனி பேரைக் கழுவிக்கொள்ள அவருக்கு அது வசதி, ஆனால் சொன்னது பொய்யும் இல்லை. அப்பா, "வேண்டாம் சார்" என்றாராம். உங்கள் பேருக்குத்தானே சொல்கிறேன் என்று அவர் விடாமல் கேட்டதற்கு, "அந்தப் படத்துல நான் மட்டும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தெருவே சிரிக்கிறது, உங்கள் அக்கா போனில் குதிக்கிறாள், பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறான், தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த மானத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறீர்களே, நீங்கள் என்ன மனுஷனா மரமா என்று கேட்டேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தையல் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பெண்தானே சம்மதிக்க வேண்டும், நானே போய் அவள் வாயால் சரி என்று வாங்கி வருகிறேன் என்று, அவரிடம் சொல்லாமல், கிளம்பிப் போனேன்.

மூன்றாவது மாடி, ஒரே அறை, துணி காயப்போட்ட கயிற்றுக்குக் கீழே குனிந்துதான் உள்ளே போக வேண்டும். முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். வலது கையில் கட்டு. ஒன்பதாவது படிக்கிற ஒரு மகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளை ஏதோ வாங்கி வரக் கடைக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே, "அண்ணன் பேரு கெடுதுன்னா போட்டுடச் சொல்லுங்கக்கா, நான் வேலையை விட்டுட்டுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வேற எங்கயாவது போயிடறேன்" என்றாள். ஏனம்மா, கை மாட்டியது உன் தப்பா, இதில் நீ ஊரை விட்டுப் போக என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். வலியிலும் பயத்திலும் அடக்க முடியாமல் அவள் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டுவிட்டாள் கண்ணா. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, நீ ஏற்கெனவே பார்த்துவிட்டாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

மெஷின் நின்று கையை எடுத்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். நாலா பக்கமும் ஆட்கள் ஓடி வருகிற சத்தம். "அண்ணன் உடம்புல ஒரு நூல் இல்லைக்கா. கைக்கு எட்டுற தூரத்துல ஒரே ஒரு விரிப்புதான் கிடந்துச்சு. அதை எடுத்து என் இடுப்புல சுத்திவிட்டார்" என்றாள். சுற்றிவிட்டு, ஓடி வந்தவர்களைப் பார்த்து, "வண்டித் தண்ணி கொட்டிடுச்சு, வழுக்கும், தள்ளி நில்லுங்க" என்று கத்தினாராம், அப்படியே நின்றுகொண்டு. சலவைக்கூடத்தில் தரையில் தண்ணீர் இருந்தால் யார் என்ன நினைக்கப் போகிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் இவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. அவளிடம் குனிந்து, "ஒண்ணும் தெரியலை, யாரும் பார்க்கலை" என்று மெதுவாகச் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் யாரோ வீசிய ஒரு துண்டு இவருக்குக் கிடைத்திருக்கிறது. விசாரணை அறையில் படம் ஓடின நேரம் முழுக்க அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தரம்கூட நிமிரவில்லை என்றும் அவள்தான் சொன்னாள். அவருடைய பெருமையை அவரே பார்க்கவில்லை. இத்தனையையும் என்னிடம் அவர் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் அவரை மரமா என்று கேட்டபோதுகூட, ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம், அடைக்கவில்லை. என்னிடம்கூட அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் வீட்டுப் படியிறங்கும்போது எனக்குக் காலே தரையில் பாவவில்லை, நான் இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று.

நான் தையல்காரி. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் உடம்பை அளந்திருப்பேன். ஒரு தோள் இறங்கினவர்கள், முதுகில் கூன் விழ ஆரம்பித்தவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லி அழுதவர்கள், எல்லாரும் என் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவர் அளவை இன்னொருவரிடம் நான் சொன்னதில்லை, கூடப்பிறந்தவள் கேட்டால்கூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான்தான், புருஷன் மானம் என்றதும், இன்னொருத்தியின் மானத்தைக் கேட்டு வாங்கக் கைவீசிக்கொண்டு போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுருக்கென்று தைத்திருக்காது, போட்டுக்கொள்ளுங்கள் என்றாளே, அதுதான் தாங்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் போய் வந்ததைச் சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை, அவர் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "பொண்ணு நல்லாப் படிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

விசில் உன்னிடம் முழுப் படத்தையும் அனுப்பியது செய்த பாவத்தைக் கழுவிக்கொள்ளத்தான், எனக்குத் தெரியும். இங்கே வந்து வாசலில் நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான், சீட்டியடிக்கிற ஆள் அழுதால் அதிலும் ஒரு சுருதி வருகிறது. அண்ணனுக்கு நல்லது செய்யத்தான் தம்பிக்கு அனுப்பினேன் என்கிறான். அவன் கணக்குப்படி, முதலில் பாதியை வெளியே விட்டது தப்பு, இப்போது மீதியையும் விட்டால் சரியாகிவிடும். நீயும் அதையேதான் சொல்கிறாய். நீ அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்துவிட்டுப் போடுகிறேன் என்றாய். முகத்தை மறைப்பாய், கட்டுப் போட்ட கையை எப்படி மறைப்பாய். அந்தச் சலவைக்கூடத்தில் கை மாட்டினவள் ஒருத்திதான், தெருவுக்கே தெரியும். காலையில் நீ போட்டால் சாயங்காலம் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது யாராவது ஒருத்தி போனை நீட்டி, இது உங்கம்மாதானே என்று கேட்பாள். மறைத்த முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் ஊருக்கு ருசியே. அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாயை அடைக்கிறேன் என்றாய், அடையாது கண்ணா, அவர்கள் ஆளை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

"அப்பா தனக்குப் போட்டுக்காம அவங்களுக்குப் போர்த்தறார்மா, இதை உலகம் பார்க்க வேண்டாமா" என்று நீ கேட்டபோது கடிதம் எழுதுகிறேன், அதுவரை பொறு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நன்றாக யோசித்துப் பார். அவர் போர்த்தினது அவளை யாரும் பார்க்கக் கூடாது என்று. அவர் போர்த்தினதைக் காட்ட வேண்டுமானால், நீ அதை விலக்கித்தான் காட்ட வேண்டும். அப்பாவைப் பெருமைப்படுத்த அப்பா செய்ததையே நீ கலைக்க வேண்டும். அப்படி ஒரு பெருமை அவருக்கு எதற்கு. இந்தத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் கேரம் ஆடப் போகிறார். சூரியகாந்தி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்கிறார். உள்ளே வலிக்காமல் இல்லை, பஸ்ஸில் இன்னும் கடைசி இருக்கையில்தான் உட்காருகிறார். ஆனால் அந்தப் பெண் நேற்று வேலைக்குத் திரும்பி வந்து, ஒரு கையால் துண்டு மடித்தாளாம், யாரும் அவளை ஒரு மாதிரி பார்க்கவில்லையாம், அதை வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் உன் அப்பாவை உன் முன்னால் ஒருநாளும் புகழ்ந்து பேசியதில்லை, குழாய் ரிப்பேரையும் குறட்டையையும் பற்றித்தான் பேசியிருக்கிறேன். இன்றைக்கு எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள், உலகத்தில் நான் பார்த்த ஆண்பிள்ளைகளில் உன் அப்பாதான் ஆண்பிள்ளை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தச் சாப்பாட்டு அறைக்குப் போகாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று நினைக்கிறேன், போ, அவர்களோடு போய் உட்கார், அவர்கள் உன் அப்பாவை அறியாதவர்கள், கெட்டவர்கள் இல்லை. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஒரு குறையும் இல்லாமல், நீண்ட ஆயுளோடு, அப்பாவின் நல்ல குணமும் என் வாயில் பாதியும் உனக்கு அமைந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் படத்தை அழித்துவிடு. விசில் தன்னிடம் இருந்ததை என் கண் முன்னால் அழித்துவிட்டான், இப்போது கம்பெனிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதைத் தவிர உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அழிப்பதற்கு முன்னால் எனக்குக் காட்டுகிறேன் என்று அவன் போனை நீட்டினான். ஆசை இல்லாமல் இல்லை கண்ணா, முப்பத்தொரு வருஷம் கூட இருந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் அப்படி ஓடியிருக்கிறார், நான் பார்க்க வேண்டாமா. ஆனால் அன்று அவள் கதவைத் திறந்துவிடும்போது, "நீங்களும் பார்க்காதீங்கக்கா" என்று கேட்டாள், சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ பார்த்தவன். நீ அழித்த பிறகு, அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது, அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாயால் சொல். அவளைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. அப்பா எப்படி ஓடினார் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன்னை நம்பிக்கொண்டிருக்கிற
அம்மா